அனுபவம் யார் செலவில்? தாராவி, மாட்டுங்கா, செம்பூர்: ஒரு தொழிலாளர் வரலாறு

‘முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.’ வேலைவாய்ப்பு விளம்பரங்களில் மிகச் சாதாரணமாக இடம்பெறும் இந்த வரிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தொழில் கற்பவர் எவரும் தொடக்கத்தில் பொருளை வீணாக்குவார், வேலையைத் தாமதமாக்குவார், கற்றுக்கொடுப்பவரின் நேரத்தையும் எடுத்துக்கொள்வார். இந்தச் செலவு வேறெங்கோ, வேறு யாராலோ முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றே அந்த வரி கோருகிறது. அனுபவசாலி என்பவர் பிறர் செலவில் பயிற்சி பெற்று முடித்தவர்.

மேலாண்மைப் பாடநூல்கள் இதை இரண்டு செலவுகளின் ஒப்பீடாகக் காட்டும். அனுபவசாலிக்குக் கூடுதல் ஊதியம் தரவேண்டும். புதியவருக்குப் பயிற்சிச் செலவு செய்யவேண்டும். எது குறைவோ அதை நிறுவனம் தேர்ந்துகொள்ளலாம். நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு இத்துடன் முடிகிறது. சமூக வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் இங்குதான் தொடங்குகிறது. அந்த அனுபவத்தை உருவாக்கியவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார், விலை கொடுக்க இயலாதவர் எங்கே போனார் என்பவை அதன் கேள்விகள்.

இக்கேள்விகளுக்கு மும்பையின் தமிழர் குடியிருப்புகள் நல்ல சான்றுகளைத் தருகின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்குபவை. மூன்றிலும் தமிழர் வேலை தேடி வந்து தங்கினர். ஆனால் தொழிலைக் கற்பதற்கான செலவை ஏற்றவர் மூன்றிலும் வேறு வேறு. தாராவியில் அதை உறவினர் ஏற்றனர். மாட்டுங்காவில் குடும்பம் ஏற்றது. செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் அரசு ஏற்றது.

ஆலைகள் வகுத்த வழி

மூன்று இடங்களுக்கும் முன்னோடி பம்பாயின் பஞ்சாலைகள். கவாஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் தொடங்கிய நூற்பு நெசவு நிறுவனத்தின் ஆலை, 1856இல் தார்தேவ் பகுதியில் இயங்கத் தொடங்கியது. இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றை நிறுவவும் மேற்பார்க்கவும் தெரிந்தவர்களும் அங்கிருந்தே வந்தனர். லங்காஷயர் ஆலைகளில் பழகிய மேலாளர்களும் பொறியாளர்களும் உயர்ந்த சம்பளத்தில் அழைக்கப்பட்டனர். புதிய தொழில் ஒன்று தொடங்கும் இடத்தில் அனுபவத்தை இறக்குமதி செய்வது தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்த இறக்குமதிச் செலவைக் குறைக்கும் முயற்சிகளில் ஒன்றாக 1887இல் பைகுலாவில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. ஆலைகளுக்கு வேண்டிய இந்தியத் தொழில்நுட்பர்களை உருவாக்குவது அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்று. 1923இல் அது மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. 1997இல் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பெயர் மாறி இன்றும் அங்கேயே இயங்குகிறது. மேல்நிலைப் பணிகளுக்குப் பயிற்சி தருவது செலவு செய்யத் தக்க காரியம் என்பதை ஆலைத் தொழில் ஏற்றுக்கொண்டதற்கு இந்நிறுவனம் சான்று.

கீழ்நிலையில் கதை வேறு. தறியிலும் கதிரிலும் நின்றவர்களுக்கு ஆலை எந்தப் பள்ளியும் நடத்தவில்லை. ஆள் எடுப்பது, வேலை வாங்குவது, வேலை பழக்குவது ஆகிய அனைத்தும் ஜாபர் என்ற இடைநிலை ஆளிடம் விடப்பட்டன. மோரிஸ் டேவிட் மோரிஸ், ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் ஆகியோரின் ஆய்வுகளில் இந்த ஜாபர் மையமான இடத்தைப் பெறுகிறார். தென்னிந்தியத் தொழிலிடங்களில் இதையொத்த பணியைச் செய்தவர் மேஸ்திரி. ‘ஆசான்’ என்றும் பொருள்படும் ‘மெஸ்த்ரே’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பெயரோ கண்காணிப்பதிலிருந்து பிறந்தது. பழக்குதல், கண்காணித்தல் என்ற இரண்டு பணிகளும் நடைமுறையில் ஒரே ஆளிடம் குவிந்தன. அந்த ஆளுக்குப் பயிற்றுவிப்பதற்கென்று தனி ஊதியம் இருக்கவில்லை. அதை அவர் தொழிலாளியிடமிருந்தே வசூலித்துக்கொண்டார். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், வேலைக்குச் சேரவும் வேலையில் நீடிக்கவும் ஜாபருக்குக் கையூட்டு தரப்படுவதை விரிவாகப் பதிவு செய்தது. ஒழுக்கக் கேடாக மட்டுமே வாசிக்கப்பட்டுவரும் அந்தக் கையூட்டில், ஆலை தர மறுத்த பயிற்சிக்குத் தொழிலாளி செலுத்திய கட்டணமும் கலந்திருந்தது.

ஆலைகளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருக்குப் பதிலாக நிறுத்தப்படுபவர் பத்லி. ‘மாற்று’ எனப் பொருள்படும் ‘பதல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து உருதுவழியாகவும் மராத்திவழியாகவும் பம்பாய்த் தொழிலாளர் வழக்கில் புழங்கிய சொல் இது. 1935இல் பம்பாய் ஆலை உரிமையாளர் சங்கம் பத்லிகளைப் பதிவு செய்து அட்டை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. அட்டை பெற்றவர் காலைதோறும் ஆலை வாயிலில் நிற்கவேண்டும். இடம் இருந்தால் வேலை, இல்லையேல் அன்று கூலி இல்லை. வேலை தெரிந்த ஒருவரை எப்போதும் கையருகே வைத்துக்கொள்ளவும், அவர் வேலையின்றி இருக்கும் நாட்களின் செலவை அவர் தலையிலேயே சுமத்தவும் இம்முறை இடம் கொடுத்தது. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் பத்லிகளின் நிலையும் ஒரு முக்கியப் பிரச்சினையாக இருந்ததை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

தாராவி: பிறப்பே அனுபவமான இடம்

விக்டோரியா ஜூபிலி நிறுவனம் தோன்றிய அதே 1887ஆம் ஆண்டுதான் தாராவியில் முதல் தோல் பதனிடும் ஆலை வந்த ஆண்டாகவும் வழக்கமாகக் குறிக்கப்படுகிறது. கோலி மீனவர்களின் ஊராக இருந்த தாராவி, நகரத்தின் விளிம்பில், உப்பங்கழியை ஒட்டி அமைந்திருந்தது. நகரம் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் அங்கே ஒதுங்கின. தோல் தொழிலோடு வட ஆர்க்காட்டு முஸ்லிம் வணிகர்களும், திருநெல்வேலிப் பகுதியின் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தனர்.

இந்தத் தொழிலுக்கு அனுபவம் ஏன் இன்றியமையாதது என்பதைத் தோலின் பாதையைப் பின்தொடர்ந்தால் அறியலாம். உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழியில் இறக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் மயிர் கழலாது. மிகுந்தால் தோல் நைந்துவிடும். எத்தனை நாள் என்பது தோலின் தடிமனையும் பருவநிலையையும் பொறுத்தது. மழைக்காலக் கணக்கு கோடையில் உதவாது. மயிர் நீக்கிய தோலை வளைந்த பலகையின்மேல் போர்த்தி, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் உட்புறச் சதையைச் சீவ வேண்டும். கத்தி சற்றே சாய்ந்தால் தோலில் வெட்டு விழும்; வெட்டு விழுந்த தோல் தரத்தில் இறங்கும். அதன்பின் ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் தோல் பதமாக வேண்டும். தோல் பதமானதை அறிய எந்தக் கருவியும் இல்லை; விரலும் கண்ணும் மூக்குமே அளவைகள்.

ஒரு தவறு ஒரு முழுத்தோலின் மதிப்பைக் குறைக்கும் தொழிலில், புதியவர் கையில் கத்தியைத் தர எந்த முதலாளியும் தயங்குவார். அதனால் முதலாளி தாமே ஆள் பழக்குவதைத் தவிர்த்தார். ஏற்கெனவே வேலை செய்பவர் தம் ஊரிலிருந்து அழைத்து வருபவரை மட்டும் ஏற்றார். அழைத்து வந்தவரே பிணை, அவரே ஆசிரியர். புதிதாக வந்த இளைஞன் எடுபிடி வேலையில் தொடங்குவான், உப்பைத் தட்டுவான், குழியிலிருந்து நனைந்த தோலைத் தூக்குவான். அண்ணனோ மாமனோ சித்தப்பாவோ வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகுவான். அவன் உறங்க இடம், உண்ண உணவு, அவன் செய்த பிழைக்கு முதலாளியிடம் கேட்ட வசை ஆகிய அனைத்தும் அந்த உறவினரின் கணக்கில் சேர்ந்தன. பயிற்சிச் செலவு என ஒரு காசும் முதலாளியின் பேரேட்டில் ஏறவில்லை.

இங்கே ‘அனுபவம்’ என்ற சொல்லுக்குள் சாதி நுழைகிறது. தாராவியின் தோல் தொழிலாளரைப் பற்றிப் பேசும்போது ‘பரம்பரையாகத் தோல் தொழில் செய்தவர்கள்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும் வழக்கம் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களில் பலர் ஊரில் நிலத்தில் கூலிவேலை செய்தவர்கள். சுண்ணாம்புக் குழியின் கணக்கை அவர்கள் பம்பாய்க்கு வந்த பிறகே கற்றனர். கற்ற திறனைப் பிறவிக் குணமாக மாற்றி எழுதியது சாதியச் சிந்தனை. அந்த மாற்றத்தால் முதலாளிக்கு நன்மை உண்டு: பிறப்பிலேயே வருவது என்றால் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை, கற்றதற்காகக் கூடுதல் கூலி தரவும் வேண்டியதில்லை. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்வோரையே பிரித்துவைக்கிறது என 1936இல் பம்பாயில் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் வாதிட்டார். தாராவியின் தோல் ஆலைகளில் அந்தப் பிரிவினை ஆளெடுக்கும் முறையாகவே வேலை செய்தது.

உறவுவழிப் பயிற்சிக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது: அதற்குத் தாள் இல்லை. நகரின் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. 1980களில் தோல் பதனிடும் பணியே தாராவியை விட்டு வெளியேற்றப்பட்டது. பைகளும் இடைவார்களும் தைக்கும் பட்டறைகள் மட்டும் அங்கே நிலைத்தன. முப்பது ஆண்டு சதை சீவிய ஒரு கை, தான் என்ன அறிந்தது என்பதை வேறொரு வேலை வாயிலில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் வைத்திருக்கவில்லை. அறிந்த ஆலை இருக்கும்வரைதான் அந்த அனுபவத்துக்கு மதிப்பு. ஆலை போனதும் அனுபவசாலி மீண்டும் புதியவரானார்.

மாட்டுங்கா: லோயர், ஹையர்

தாராவியிலிருந்து மாட்டுங்கா நடந்து போகும் தொலைவுதான். ஆயினும் அங்கே வந்த தமிழரிடம் தாள் இருந்தது.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது உருவாக்கிய தாதர்–மாட்டுங்கா குடியிருப்புத் திட்டத்தில் எழுந்த அடுக்குமாடி வீடுகளில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்திய எழுத்தர்கள் பெருமளவில் குடியேறினர். நிகில் ராவின் ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ என்ற நூல் இந்தக் குடியேற்றத்தை விரிவாக ஆராய்கிறது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1942இல் ராம நாயக்கின் உடுப்பி உணவகம் தொடங்கியது. ஊரிலிருந்து வந்த இளைஞன் உறவினரின் அறையில் ஒரு மூலையில் பாயை விரித்து, உணவகத்தில் சாப்பிட்டு, கோட்டைப் பகுதியின் அலுவலகங்களில் ஏறி இறங்கினான்.

அவன் கொண்டுவந்த முதலீடு இரண்டு: ஆங்கிலமும் தட்டச்சும். தஞ்சாவூர், திருச்சி, பாலக்காடு, திருநெல்வேலி ஊர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் மாதக் கட்டணம் செலுத்திக் கற்று, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ‘லோயர்’, பிறகு ‘ஹையர்’ தேறுவது ஒரு தலைமுறையின் வாழ்க்கைத் திட்டம். இன்றைய தமிழ்நாட்டுத் தேர்வு முறையில் ஆங்கிலத் தட்டச்சின் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் அளவாக உள்ளன. அத்துடன் பிட்மன் சுருக்கெழுத்தும் தெரிந்திருந்தால் மதிப்பு இன்னும் கூடும். நிறுவனம் செய்யவேண்டியது பத்து நிமிடச் சோதனை மட்டுமே: ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்துத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஆளின் திறன் தெரிந்துவிடும். தோலைப் பதப்படுத்துபவரின் திறனை இப்படிப் பத்து நிமிடத்தில் அளக்க இயலாது.

இந்த வேறுபாட்டைப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட ‘ஹியூமன் கேபிடல்’ நூலின் பாகுபாட்டால் விளக்கலாம். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறனுக்கு நிறுவனம் செலவழிக்காது. பழகிய ஆள் கூடுதல் சம்பளம் தரும் அடுத்த அலுவலகத்துக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அதைத் தடுக்கும். ஆகவே அச்செலவு கற்பவரிடமே விடப்படும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தில் மட்டுமே பயன்படும் தனித்திறனுக்கு நிறுவனமும் பங்கேற்கும். தட்டச்சு, பொதுத்திறனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மாட்டுங்கா இளைஞனின் பயிற்சிக்கு விலை கொடுத்தது ஊரில் இருந்த குடும்பம். பம்பாய் நிறுவனங்கள் அந்த விலையைக் கொடுக்காமலே பலனைப் பெற்றன.

குடும்பத்தால் விலை கொடுக்க முடிந்தது ஏன் என்பதும் கேட்கத் தக்கதே. உயர்நிலைப் பள்ளியும் ஆங்கிலமும் முதலில் எட்டியது பெரும்பாலும் பிராமணர், பிற மேல்நிலைச் சாதியினரின் வீடுகளைத்தான். மாட்டுங்காவின் ‘தகுதி’க்கும் ஒரு சாதி வரலாறு உண்டு. வேலை கிடைத்த முறையிலும் உறவு இருந்தது. அலுவலகத்தில் காலியிடம் வருவதை முதலில் அறிந்தவர் அங்கே ஏற்கெனவே இருந்த ஊர்க்காரர். தாராவியில் உறவினர் பரிந்துரை ‘ஆள் பிடிப்பு’ என்று அழைக்கப்பட்டது. மாட்டுங்காவில் அதுவே ‘தகுதியானவரை அறிமுகப்படுத்துதல்’ ஆனது.

1966: கேட்கப்படாத மூன்றாவது கேள்வி

இந்த ஏற்பாட்டுக்கு அரசியல் விலை 1960களில் வந்தது. பால் தாக்கரே 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், பம்பாய் நிறுவனங்களின் அலுவலர் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, அவற்றில் தென்னிந்தியப் பெயர்கள் மிகுந்திருப்பதைச் சுட்டியது. 1966 ஜூன் 19இல் சிவசேனை தோன்றியது. மண்ணின் மைந்தருக்கே வேலை என்ற முழக்கம் தெருவுக்கு வந்தது. தென்னிந்தியர்களின் உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. தாராவியின் தோல் தொழிலாளியும் மாட்டுங்காவின் சுருக்கெழுத்தரும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். எழுத்தர் வேலைக்குக் காத்திருந்த எந்த மராத்தி இளைஞனின் இடத்தையும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அந்தச் சொல் மறைத்தது.

விவாதம் இரண்டு வாதங்களுக்குள் சிக்கியது. ‘தகுதியால் தேர்ந்தெடுக்கப்பட்டோம்’ என்றது ஒரு பக்கம். ‘எங்கள் நகரத்தின் வேலை எங்களுக்கு’ என்றது மறுபக்கம். மேரி கட்சென்ஸ்டைன் 1979இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இயக்கத்தையும் வேலைவாய்ப்பில் முன்னுரிமைக் கொள்கைகளையும் இணைத்து ஆராய்ந்தது. இரு வாதங்களும் தொடாமல் விட்ட ஒரு தரப்பு உண்டு: ஆளெடுத்த நிறுவனங்கள். பல ஆண்டுகளாக நகரத்தில் வணிகம் செய்தவர்கள், தங்கள் வாயிலில் நின்ற மராத்தி இளைஞனுக்கு ஆறு மாதம் தட்டச்சும் அலுவலக ஆங்கிலமும் கற்பித்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குடும்பம் அந்தச் செலவை ஏற்கெனவே செய்து முடித்திருந்ததால், இக்கேள்வி எழவே இல்லை. ஆயத்தமாக வந்த ஆளை எடுத்துக்கொண்டவர் விலகி நிற்க, வந்த ஆளும் வாய்ப்பு இழந்த ஆளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர்.

பின்னாளில் சிவசேனையின் துணை அமைப்பான ஸ்தானீய லோகாதிகார் சமிதி, வங்கி, காப்பீட்டு நிறுவனத் தேர்வுகளுக்கு மராத்தி இளைஞர்களைத் தயார்செய்யும் பணியிலும் இறங்கியது. பயிற்சிதான் இடைவெளி என்பதைப் போராட்டம் நடத்தியவர்களே ஒருவகையில் ஏற்றுக்கொண்ட தருணம் அது. அப்போதும் செலவு நிறுவனத்தின் மேல் விழவில்லை. அமைப்பின் மேலும் இளைஞரின் மேலும்தான் விழுந்தது.

டிராம்பே: அரசு செலவழித்தபோது

அதே பத்தாண்டுகளில், செம்பூருக்குத் தெற்கே டிராம்பேயில் முற்றிலும் வேறான ஒரு விடை உருவாகிக்கொண்டிருந்தது.

1944 மார்ச்சில் ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நீண்டகாலக் கணக்கை முன்வைத்தார். இன்னும் இருபது ஆண்டுகள் அளவில் அணுசக்தியால் மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா வல்லுநர்களை வெளிநாட்டில் தேடாமல் உள்நாட்டிலேயே கண்டடைய வேண்டும் என்பது அதன் சாரம். அணுகுண்டு என ஒன்று உண்டு என்பதையே உலகம் அறியாத காலம் அது. 1954இல் டிராம்பே அணுசக்தி நிறுவனம் தொடங்கப்பட்டது; 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கியது. தொடக்க ஆண்டுகளில் அனுபவத்தை வெளியிலிருந்து பெறவேண்டியிருந்தது. கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்துக்கு இந்திய அறிவியலாளர்கள் அனுப்பப்பட்டனர். கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட சைரஸ் உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. பஞ்சாலைகள் லங்காஷயரை நம்பியதற்கு நிகரான கட்டம் இது.

வேறுபாடு அடுத்த அடியில்தான் வந்தது. 1957இல் டிராம்பே தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதை உருவாக்குவதில் ராஜா ராமண்ணாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடெங்குமிருந்து பொறியியல், அறிவியல் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓராண்டு உதவித்தொகையுடன் பாடம். இயற்பியல் படித்தவருக்குப் பொறியியல் அடிப்படையும், பொறியாளருக்கு அணு இயற்பியலும் சொல்லித்தரப்பட்டன. தேறியவர் நேரே அறிவியல் அலுவலர் ஆனார். அனுபவம் கேட்கப்படவில்லை, கேட்டிருந்தாலும் நாட்டில் அது எவரிடமும் இருந்திருக்காது. 1966 ஜனவரியில் பாபா விபத்தில் இறந்தார், 1967இல் நிறுவனம் அவர் பெயரைப் பெற்றது, பள்ளி நிற்கவில்லை. மாட்டுங்காவின் விக்டோரியா ஜூபிலி நிறுவனத்தில் 1963இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்ற அனில் ககோட்கர் இந்தப் பள்ளிவழியே நுழைந்து, பின்னாளில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். லங்காஷயர் ஆட்களுக்கு மாற்றாகத் தோன்றிய ஒரு நிறுவனத்தின் மாணவர், வெளிநாட்டு வல்லுநருக்கு மாற்றாகத் தோன்றிய பள்ளியில் சேர்ந்தார்.

டிராம்பேயின் வெற்றியைத் தொலைநோக்கு என்று மட்டும் விளக்கினால் பாதிதான் விளங்கும். மீதிப் பாதி பெக்கரின் பாகுபாட்டில் உள்ளது. இந்தியாவில் அணு உலை இயக்கும் வேலை தருபவர் ஒருவரே: அரசு. பயிற்சி பெற்றவரை ஈர்த்துச் செல்லப் போட்டி நிறுவனம் இல்லை. செலவழித்தவரிடமே பலன் திரும்பும் என்ற உறுதி இருந்ததால், முப்பது ஆண்டுகளுக்கான முதலீட்டைத் துணிந்து செய்ய முடிந்தது. பலன் கைநழுவிப் போகும் என்ற அச்சம் ஆளும் தனியார் நிறுவனத்திடம் இதே துணிவை வெறும் அறிவுரையால் எதிர்பார்க்க இயலாது.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. அலுவலர் பயிற்சிக்கு நுழைவாயில் பட்டப்படிப்பு. அந்த வாயில்வரை மாணவரைக் கொண்டுவந்து விட்ட செலவு மீண்டும் குடும்பத்துடையது. பட்டயம் பெற்றவருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவருக்கும் தனிப் பயிற்சி வழிகள் உள்ளன. அவற்றுக்கும் ஒரு தாள் வேண்டும். தேவனார் இறைச்சிக்கூடமும் டிராம்பேயும் நகரத்தின் ஒரே கிழக்குப் பகுதியில் இருப்பவை. ஒன்றிலிருந்து புறப்பட்ட தோல் தாராவியின் கைகளுக்குப் போனது. மற்றொன்றின் பயிற்சிப் பள்ளிக்கு அந்தக் கைகளுக்கு உரியவர் விண்ணப்பிக்கவே இயலாது.

செலவைப் பகிர்தல்

போட்டி நிறுவனங்கள் உள்ள தொழிலில் செலவை எப்படிப் பகிர்வது? ஜெர்மனி தந்த விடை ஒன்று உண்டு. அங்கே 1969இன் தொழிற்கல்விச் சட்டம், இளைஞர் வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்திலும் சில நாட்கள் பள்ளியிலும் கற்கும் பழைய முறையை நாடளாவிய ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. தொழில் வணிகச் சபைகள் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகின்றன. ஒரு துறையில் பல நிறுவனங்கள் பயிற்சி தரும்போது, ஓர் ஆள் வெளியேறினாலும் வேறிடத்தில் பழகிய ஆள் உள்ளே வருவார்.

இந்தியாவில் இதற்கான சட்டம் பழையது. 1850இன் சட்டம் அநாதை, ஏழைச் சிறுவர்களைத் தொழிலில் கட்டுப்படுத்திப் பழக்குவதை முதன்மையாகக் கருதியது. விடுதலைக்குப் பின் வந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட துறைகளின் நிறுவனங்கள் பயிற்சியாளர்களைச் சேர்க்கவேண்டும் என்ற கடமையை உருவாக்கியது. தமிழில் அவர்களுக்கு நிலைத்த பெயர் ‘தொழில் பழகுநர்’. தாராவியில் அண்ணனிடம் தம்பி செய்ததும் பழகுதல்தான். சட்டம் அச்சொல்லுக்கு உதவித்தொகையும் ஒப்பந்தமும் சான்றிதழும் சேர்த்தது. ஆனால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது. பயிற்சிக்காக வகுக்கப்பட்ட இந்த விலக்கு, பழகுநர்களை மலிவான உழைப்பாகச் சுழற்சியில் வைத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. பத்லி அட்டையோடு வாயிலில் நின்றவரின் நிழல் அங்கே தெரிகிறது.

இந்த வரலாற்றை எழுதுவதிலும் மூன்று இடங்களும் சமமாக இல்லை. டிராம்பே பள்ளிக்கு ஆண்டுவாரியான அணிகள் உள்ளன. மாட்டுங்காவின் எழுத்தர் வீடுகளில் தட்டச்சுச் சான்றிதழ்கள் உள்ளன. தாராவியில் யார் யாரிடம் கற்றார் என்பதற்கு நினைவுகள் மட்டுமே உள்ளன. இப்போது நடைபெறும் தாராவி மறுமேம்பாட்டில், இலவச மாற்றிடத்துக்கான தகுதி 2000 ஜனவரி 1 என்ற தேதியையும் கட்டடத்தையும் தளத்தையும் ஒட்டி அளக்கப்படுகிறது. பட்டறை ஒரு கட்டடம். அதே வேளையில் அது கட்டணம் வாங்காத ஒரு பள்ளி. கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே சந்தில் உண்டு உறங்குவதால் மட்டுமே இயங்கும் பள்ளி அது. கற்பவர் ஒரு மூலைக்கும் கற்பிப்பவர் இன்னொரு மூலைக்கும் பிரிக்கப்பட்டால், எந்தக் கணக்கெடுப்பிலும் இழப்பாக ஏறாமலே அது மூடப்படும். அதன்பின் தாராவியின் தோல்பைப் பட்டறைகளுக்கும் ‘முன் அனுபவம் உள்ளவர்கள்’ தேவைப்படுவார்கள். அவர்களை உருவாக்கும் இடம்தான் இருக்காது.

தமிழில் தேர்வு, தேர்ச்சி ஆகிய இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே: ‘தேர்’. ஆளைத் தேர்வதும் ஆள் தேர்ச்சி பெறுவதும் மொழியில் ஒரே செயலின் இரு முகங்கள். தொழிலாளர் ஆவணங்களில் தேர்வு பதிவாகிறது. தேர்ச்சிக்குப் பின்னிருந்த உழைப்பு பெரும்பாலும் பதிவாவதில்லை. ‘அனுபவம் உள்ளவர்’ என்ற சொல் ஓர் ஆவணத்தில் வரும்போதெல்லாம், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அந்த நாட்களில் அவருக்குச் சோறு போட்டவர் யார் என்ற இரண்டு கேள்விகளை எழுப்பினால் விடுபட்ட பக்கங்கள் தெரியத் தொடங்கும். தாராவியில் அதற்கு விடை சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.